சென்னைச் சாலையில் சைக்கிளும் மோட்டார் வண்டியும்: மோதாமல் போக ஒரு முழு வழிகாட்டி

சைக்கிள்காரருக்கும் வண்டிக்காரருக்கும் நடுரோட்டில் வாய்த்தகராறு வந்தால் முதலில் காதில் விழுவது "ஓரமா போகத் தெரியாதா?" என்பதுதான். காருக்குள் இருப்பவருக்கு அந்த ஓரம் காலியாகத் தெரிகிறது. சைக்கிளில் இருப்பவருக்கோ அங்கே மணல் தெரிகிறது, மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பி தெரிகிறது, நிறுத்திவைத்த காரின் கதவு எந்த நேரமும் திறக்கலாம் என்பது தெரிகிறது. இதே போல, லாரி ஓட்டுநரின் இருக்கையில் இருந்து எதெல்லாம் தெரியாது என்பது சைக்கிள்காரர்கள் பலருக்குத் தெரியாது. பாதிச் சண்டை இங்கேதான் பிறக்கிறது. அதனால் இதை இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சென்னையை மனதில் வைத்து எழுதினாலும் மதுரை, கோவை, திருச்சிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

சைக்கிள் என்றதும் ஞாயிறு காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வரிசையாகப் போகும் குழுக்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவர்கள் ஒரு பகுதிதான். இரவுக் காவல் முடிந்து வீடு திரும்பும் வாட்ச்மேன், கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார், பேப்பர் போடும் பையன், கேரியரில் டீ கேன் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போகிறவர் என்று வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. அந்தப் பிள்ளைகள் அதை ஓட்டுவது லாரியும் பேருந்தும் ஓடும் அதே சாலையில்தான். 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் நாட்டிலேயே அதிகம். 17,884 பேர் இறந்தார்கள்.

தொடங்கும் முன்: யாருக்கு என்ன உரிமை

சைக்கிளுக்கு லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை. இதைப் பிடித்துக்கொண்டு "டாக்ஸ் கட்டாதவனுக்கு ரோட்டில் என்ன உரிமை?" என்று கேட்பவர்கள் உண்டு. சாலைகள் வாகன வரியில் மட்டும் போடப்படுவதில்லை. பொது வரிப்பணமும் சொத்து வரியும் அதில் இருக்கின்றன. அவற்றை சைக்கிள்காரரும் கட்டுகிறார். தடைப் பலகை வைத்த மேம்பாலம், விரைவுச் சாலை போன்ற இடங்கள் தவிர மற்ற சாலைகளில் அவர் போவதை யாரும் தடுக்க முடியாது.

மோட்டார் வண்டி ஓட்டுவோருக்கான 2017-ஆம் ஆண்டின் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், பாதசாரிகள், சைக்கிள் ஓட்டுவோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் விஷயத்தில் தனிக் கவனம் எடுக்கச் சொல்கின்றன. சென்னைக்குள் 2023 நவம்பரில் இருந்து கார்களுக்கு மணிக்கு 60 கி.மீ., பைக்குக்கும் கனரக வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதியில் எல்லா வண்டிக்கும் 30 என்று வேக வரம்பு உண்டு. சைக்கிள்காரருக்கும் கடமை இருக்கிறது. சிவப்பு சிக்னலில் நிற்க வேண்டும், ஒருவழிப் பாதையில் எதிரே வரக் கூடாது. "சைக்கிள்தானே" என்று இதில் விலக்கு எதுவும் கிடையாது.

படி 1: சைக்கிளைச் சரிபாருங்கள்

இதற்கு இரண்டு நிமிடம் போதும். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருளாமல் நிற்க வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், ரொம்பச் செலவாகாது. செயின் தளர்ந்திருந்தால் வேகமாக மிதிக்க வேண்டிய இடத்தில்தான் கழன்றுகொள்ளும்.

டிபன் பையை ஹேண்டில் பாரில் மாட்டாதீர்கள். அது ஆடும்போது முன்சக்கரமும் கூடவே திரும்பும். சில நேரம் ஸ்போக்ஸில் போய்ச் சிக்கும். கேரியரில் கட்டிக்கொள்ளுங்கள்.

விளக்கு விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். தெருவிளக்கு உள்ள ஊருக்குள் முன்விளக்கை விடப் பின்னால் எரியும் சிவப்பு விளக்குதான் உயிரைக் காக்கும். அது வாங்க முடியாவிட்டால் லாரிகளில் ஒட்டும் சிவப்பு ஒளிர் ஸ்டிக்கரைப் பின் மட்கார்டில் ஒட்டுங்கள். பெடலின் பக்கவாட்டிலும் ஒட்டினால் மேலும் கீழும் அசையும் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததுமே பின்னால் வருபவருக்கு இது சைக்கிள் என்று புரிந்துவிடும். ஹெல்மெட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் போடுங்கள். கீழே விழும்போது தலையைக் காப்பாற்றும். ஆனால் லாரி மோதினால் அது போதாது, அதனால் அடுத்த படிகள்தான் முக்கியம்.

படி 2: வழியை மாற்றுங்கள்

பைக்கில் போய்ப் பழகிய வழியிலேயே சைக்கிளிலும் போக வேண்டும் என்பதில்லை. 100 அடி சாலைக்குப் பக்கத்திலேயே அசோக் நகரின் குடியிருப்புத் தெருக்கள் இணையாக ஓடுகின்றன. பெசன்ட் நகர், அண்ணா நகரிலும் உள்தெருக்களிலேயே வெகுதூரம் போய்விடலாம். ஒரு கிலோமீட்டர் கூடினால் கூடட்டும். மேம்பாலத்தில் ஏறுவதை விடக் கீழே சர்வீஸ் சாலையில் போவது நல்லது. ஏற்றத்தில் உங்கள் வேகம் குறையும்போதுதான் பின்னால் வருபவர்கள் வேகம் எடுப்பார்கள்.

மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சாலையைக் குறுக்கிய இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே பாதையில் போட்டிருக்கும் இரும்புத் தகடு மழை பெய்தால் வழுக்கும், அதன் மேல் ஹேண்டிலைத் திருப்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. புது வழியை ஒரு ஞாயிறு காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வேலை நாளில் போங்கள்.

படி 3: ஓரத்தை விட்டு வெளியே வாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சாலையின் இடது விளிம்பில் இருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி, நேர்கோட்டில் ஓட்டுங்கள்.

விளிம்பை ஒட்டிப் போனால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அங்கேதான் மணலும் கண்ணாடித் துண்டும் பள்ளமும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தவிர்க்க நீங்கள் திடீர் திடீரென்று வலப்பக்கம் வருவீர்கள். அந்தத் திடீர் திருப்பம்தான் பின்னால் வருபவரை நிலைகுலைய வைக்கிறது, திட்டவும் வைக்கிறது. ஒரு மீட்டர் தள்ளிப் போனால் பள்ளம் வந்தாலும் இடப்பக்கம் ஒதுங்க உங்களுக்கு இடம் இருக்கும்.

கார் ஓட்டுபவர்களும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு தடத்தின் (லேன்) அகலம் பொதுவாக 3.5 மீட்டர். சைக்கிள்காரர் விளிம்பில் இருந்து அரை மீட்டர்தான் தள்ளிப் போகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் அகலம் 0.6 மீட்டர். முந்தும்போது விட வேண்டிய இடைவெளி 1.5 மீட்டர். காரின் அகலம் 1.7 மீட்டர். கூட்டினால் 4.3 மீட்டர் வருகிறது. ஆக, அவர் எவ்வளவுதான் ஓரமாகப் போனாலும் அதே தடத்துக்குள் கார் அவரைப் பாதுகாப்பாக முந்த முடியாது. எப்படியும் பக்கத்துத் தடத்துக்குப் போய்த்தான் முந்த வேண்டும். அப்படியிருக்க, அவர் ஒரு மீட்டர் உள்ளே வந்ததால் கார்க்காரருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

சாலை குறுகும் இடத்தில், சின்னப் பாலத்தில், தடுப்புகளுக்கு நடுவில், ஒரு வண்டி உங்களைக் கடக்கவே இடமில்லாத இடத்தில், தடத்தின் நடுவுக்கே வந்துவிடுங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும். இடம் விரிந்ததும் ஒதுங்கி வழி விடுங்கள், முடிந்தால் கையைத் தூக்கி நன்றி சொல்லுங்கள். வழி விடாமல் நடுவிலேயே போய்க்கொண்டிருப்பது தவறு.

நிறுத்திவைத்த கார்களின் வரிசையைக் கடக்கும்போது ஒரு கதவு அகலம் தள்ளிப் போங்கள். இரண்டு கார்களுக்கு இடையே காலி இடம் வந்தால் உள்ளே நுழைந்து நுழைந்து வெளியே வராதீர்கள். நிற்கும் ஆட்டோவின் இடப்பக்கமாகப் புகுந்து போகவும் வேண்டாம். அந்தப் பக்கம்தான் ஆள் இறங்குவார்கள்.

இன்னொன்று, ராங் சைடு. யூ டர்ன் தூரம் என்பதற்காக எதிர்த்திசையில் 'ஓரமா' வருவது சென்னையில் சர்வ சாதாரணம். பக்கத்துத் தெருவில் இருந்து இடது திரும்பும் ஓட்டுநர் வலப்பக்கம் மட்டும்தான் பார்ப்பார். நீங்கள் வருவது அவர் பார்வையிலேயே இருக்காது. மோதினால் இரண்டு வேகமும் கூடிவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள்.

படி 4: திரும்பிப் பாருங்கள், கை காட்டுங்கள்

நகரும் முன் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதை ஒரு மைதானத்தில் பழகுங்கள். ஆரம்பத்தில் தலை திரும்பும் பக்கமே சைக்கிளும் சாயும். இடது கையை உறுதியாக வைத்துக்கொண்டு பழகினால் சில நாளில் நேராகப் போக வந்துவிடும். திரும்பிப் பார்ப்பதில் இன்னொரு பலனும் உண்டு. உங்கள் முகத்தைப் பார்த்ததும் பின்னால் வரும் ஓட்டுநருக்கு நீங்கள் ஏதோ செய்யப் போகிறீர்கள் என்று புரிந்துவிடும், தானாக வேகம் குறைப்பார்.

பார்த்த பிறகு கையை முழுதாக நீட்டுங்கள். விரலை மட்டும் அசைத்தால் யாருக்கும் தெரியாது. கை காட்டிவிட்டோம் என்பதற்காக உடனே திரும்பிவிடாதீர்கள், இன்னொரு முறை பாருங்கள். இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம். பின்னால் வரும் வண்டி எவ்வளவு பெரியது, எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்பதைக் காதுதான் முதலில் சொல்லும்.

படி 5: சந்திப்பும் கனரக வண்டியும்

பெரிய சந்திப்பில் வலது திரும்ப நடுத் தடத்துக்குப் போய் நிற்கத் தேவையில்லை. பச்சை விழுந்ததும் நேராகப் போய் எதிர்முனையின் இடது மூலையில் நில்லுங்கள், சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் திசைக்குப் பச்சை விழுந்ததும் போங்கள். ஒரு சிக்னல் நேரம் கூடும், அவ்வளவுதான். ஃப்ரீ லெஃப்ட், அதாவது சிக்னலுக்குக் காத்திருக்காமல் இடது திரும்பும் வசதி, உள்ள இடத்தில் நேரே போக வேண்டுமானால், சந்திப்புக்கு முன்பே பின்னால் பார்த்துக்கொண்டு இடது திரும்புவோரின் தடத்துக்கு வலப்புறம் வந்துவிடுங்கள். ஓரத்திலேயே இருந்தால் இடது திரும்பும் ஒவ்வொரு வண்டியும் உங்களைக் குறுக்கே வெட்டும்.

பேருந்து, தண்ணீர் லாரி, கான்கிரீட் கலவை லாரி ஆகியவற்றின் இடப்பக்கம் ஒருபோதும் புகாதீர்கள். நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடது முன்மூலையை ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணுக்கும் படாமல், கண்ணாடியிலும் விழாமல் போகலாம். அதோடு, நீண்ட வண்டி இடது திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பகுதி கடந்துவிட்டது, தப்பித்தோம் என்று நினைத்தவர் பின்சக்கரத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். சிக்னலில் லாரி நின்றால் அதற்குப் பின்னால் நில்லுங்கள். முன்னால் நின்றே ஆக வேண்டும் என்றால் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியும் அளவுக்குத் தள்ளி நில்லுங்கள். உங்களுக்கு அவர் முகம் தெரியாவிட்டால் அவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

மாநகரப் பேருந்து உங்களை முந்திவிட்டு நிறுத்தத்துக்காக இடது ஒதுங்கினால், பேருந்துக்கும் நிறுத்தத்துக்கும் நடுவில் நுழைய வேண்டாம். பயணிகள் இறங்கும் வரை பின்னாலேயே நில்லுங்கள்.

படி 6: மழையும் இரவும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அடி தெரியாத தண்ணீரில் சைக்கிளை விடாதீர்கள். மூடி இல்லாத சாக்கடைக் குழி அதற்குள் இருக்கலாம். சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக் நனைந்தால் உடனே பிடிக்காது, முன்கூட்டியே மெல்ல அழுத்தித் தண்ணீரைத் துடைத்துவிடுங்கள். இரவில் வெளிர்நிறச் சட்டை போடுங்கள். ஞாயிறு குழுவாகப் போகிறவர்கள் போக்குவரத்து கூடியதும் ஒற்றை வரிசைக்கு வந்துவிட வேண்டும். பேசிக்கொண்டே மூன்று பேர் பக்கம் பக்கமாகப் போவதை நியாயப்படுத்த முடியாது.

வண்டி ஓட்டுபவர்களுக்கு

சைக்கிள்காரர் சிக்னலை மீறுகிறார், விளக்கில்லாமல் வருகிறார் என்ற உங்கள் புகார்களில் உண்மை இருக்கிறது. மேலே சொன்னதெல்லாம் அதற்காகத்தான். ஆனால் அவர் தவறு செய்தால் பெரும்பாலும் அவர் உடம்புதான் அடிபடும். நீங்கள் தவறு செய்தாலும் அடிபடுவது அவர் உடம்புதான். இந்த வித்தியாசத்தால் உங்கள் பொறுப்பு கூடுகிறது.

சைக்கிளைப் பார்த்ததும் முதலில் வேகத்தைக் குறையுங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடியில் கார் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தை உணர்ந்து கால் பிரேக்குக்குப் போகவே ஒரு நொடி ஆகும், அதன் பிறகு வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். 30 கி.மீ. வேகம் என்றால் எல்லாம் சேர்த்து 14 மீட்டருக்குள் நின்றுவிடலாம். தெருவில் குறுக்கே வரும் பள்ளிப் பிள்ளையைக் காப்பாற்றுவது இந்த வித்தியாசம்தான்.

முந்துவதானால் முழுதாகத் தடம் மாறி முந்துங்கள். ஜெர்மனியில் சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று 2020-ல் விதியிலேயே எழுதினார்கள். அந்த 1.5 மீட்டரை நாமும் பழக்கமாக்கிக்கொள்ளலாம். எதிரே வண்டி வருகிறது, இடமில்லை என்றால் பின்னாலேயே போங்கள். 15 கி.மீ. வேக சைக்கிளுக்குப் பின்னால் 100 மீட்டர் போனால், 40 கி.மீ. வேகத்தில் போவதை விட 15 நொடி தாமதம் ஆகும். அடுத்த சிவப்பு சிக்னலில் அதை விட அதிக நேரம் நிற்கத்தான் போகிறீர்கள்.

முந்தியதும் உடனே இடது திரும்பாதீர்கள். சைக்கிள் போன பிறகு திரும்புங்கள். பக்கத்தில் வந்து நீளமாக ஹார்ன் அடிக்காதீர்கள். திடுக்கிட்டு ஹேண்டில் ஆடினால் அவர் விழுவது உங்கள் சக்கரத்துக்கு முன்னால்தான். கொஞ்ச தூரத்துக்கு முன்பே சின்னதாக ஒரு முறை அடித்தால் போதும். எதிரே சைக்கிள் வந்தால் ஹை பீமை இறக்குங்கள், அவருக்குப் பள்ளம் தெரிய வேண்டும்.

காரை நிறுத்திவிட்டு ஓட்டுநர் கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். இடது கை வலப்பக்கம் வரும்போது உடம்பும் கூடவே திரும்பும், கண் தானாகப் பின்னால் போகும். பின்னால் உட்காரும் பிள்ளைகளுக்கும் கதவுக்கு எதிர்ப்பக்கக் கையால் திறக்கச் சொல்லிக் கொடுங்கள்.

சண்டை மூண்டால்

கோபம் வரத்தான் செய்யும், உயிர் போயிருக்கும் அல்லவா? ஆனால் காரின் கண்ணாடியைத் தட்டுவதும், துரத்திப் போய் வழிமறிப்பதும் உங்களை இன்னொரு முறை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தும். சிக்னலில் பக்கத்தில் நின்று பேசும் வாய்ப்புக் கிடைத்தால், "அண்ணே, ரொம்பக் கிட்ட வந்துட்டீங்க, பள்ளம் இருந்திருந்தா உங்க வண்டியிலதான் விழுந்திருப்பேன்" என்று சொல்லிப் பாருங்கள். "கண்ணு தெரியலையா?" என்று தொடங்கினால் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. எதிராளி இறங்கி வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு நடைபாதைக்குப் போய்விடுங்கள். வண்டி எண், நேரம், இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மிரட்டினாலோ வேண்டுமென்றே உரசினாலோ 112-க்கு அழையுங்கள்.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் சாலையை விட்டு நகருங்கள். முதுகிலோ கழுத்திலோ அடி என்றால் ஆளை அசைக்காமல் வண்டிகளை மறித்து நிறுத்துங்கள். 108-க்கு அழையுங்கள். உதவி செய்ய வருபவர் பயப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது, பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் இது பொருந்தும்.

"ஒண்ணும் ஆகலையே" என்று ஐநூறு ரூபாயைக் கையில் திணித்து அனுப்பப் பார்ப்பார்கள். வாங்கிக்கொண்டு போகாதீர்கள். தலையிலோ வயிற்றிலோ உள்ளடி சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும். மருத்துவமனையில் சாலை விபத்து என்று சொல்லி ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) போடச் சொல்லுங்கள். வண்டி எண்ணையும் எதிராளியின் லைசென்ஸையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பார்த்த ஒருவரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) பதியச் சொல்லிக் கேளுங்கள், அதன் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம்.

கூலி வேலைக்குப் போகும் சைக்கிள்காரர்கள் பலருக்குத் தெரியாமல் இருப்பது இது: சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும், மோதிய வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். நீங்கள்தான் அந்த மூன்றாம் நபர். சிகிச்சைச் செலவு, வேலை இழந்த நாட்கள், நிரந்தர ஊனம், உடைந்த சைக்கிள் என எல்லாவற்றுக்கும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். சென்னையில் சிறுவழக்கு நீதிமன்ற வளாகத்தில் இந்தத் தீர்ப்பாயம் இயங்குகிறது. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். ராங் சைடில் வந்ததோ விளக்கில்லாமல் வந்ததோ உறுதியானால் உங்கள் பங்குத் தவறு என்று இழப்பீடு குறையலாம்.

மோதிய வண்டி நிற்காமல் போய், எண்ணும் தெரியாவிட்டால் இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. வருவாய் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் எஃப்.ஐ.ஆர். நகலோடும் மருத்துவச் சான்றுகளோடும் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும்.